உவர் மண்ணில் ஓர் உயிர்வேலி

தூத்துக்குடி, இராமநாதபுரம் கடற்கரைப் பங்குகளில் வீடு மந்திரிக்கச் செல்லும் குருக்கள் அனைவரும் கண்டறிந்த நிலை ஒன்றுண்டு. முன்புறம் சிமெண்டுத் தளமும் வண்ணம் தீட்டிய கதவுமாய் விளங்கும் இல்லங்கள் பலவற்றின் கொல்லைப்புறம் யாதொரு மறைவுமின்றித் திறந்து கிடக்கும். குளிப்பது, துணி துவைப்பது, பாத்திரம் துலக்குவது எல்லாம் அங்கேதான். பெண்கள் விடியுமுன் குளித்து முடிக்க வேண்டும். இன்றேல் இருட்டும்வரை காத்திருக்க வேண்டும். வளர்ந்த பெண்மக்களை உடைய தாய்மார் படும் துயரை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. தானியேல் ஆகமம் 13ஆம் அதிகாரத்தில், தோட்டக் கதவுகளை அடைக்கச் சொல்லிய பின்னரே சூசன்னா குளிக்க முற்பட்டாள் என வாசிக்கிறோம். அடைப்பதற்குக் கதவேனும் அவளுக்கு இருந்தது!

மதிற்சுவர் எழுப்ப வசதியுள்ளோர் எழுப்பட்டும். கடன் வாங்கி எழுப்ப நினைப்போர் சற்றுப் பொறுக்கவும். உவர் ஏறினால் செங்கற்சுவரும் அரித்து உதிரும். ஓலைத் தட்டியோ அடிக்கடி மாற்றப்பட வேண்டியது. ஏழைக் குடும்பத்திற்கு உயிர்வேலியே தக்கது என்பது நம் கருத்து.

ஆனால் எச்செடியை நடுவது? இங்கேதான் பலர் இடறுகின்றனர். பண்ணையில் பசுமையாய் நிற்கும் குரோட்டன்ஸையும் செம்பருத்தியையும் ஆசையோடு வாங்கி நடுகின்றனர். சில திங்களில் இலையோரம் கருகிச் செடி மடிகிறது. நிலத்து நீர் கோடையில் ஆவியாகும்போது, அதனோடு மேலேறிய உப்பு மண்ணின் மேற்பரப்பில் வெண்பூப்பாய்ப் படிந்து விடுகிறது. அவ்வெண்மை தோன்றும் இடத்தில் உப்பைத் தாங்கும் இயல்புடையவற்றையே நடவேண்டும். (மழையில் குழைந்து, உலர்ந்தபின் கல்லாய் இறுகும் களர் நிலம் வேறு, அதற்கு ஜிப்சம் இடுதல் வேண்டும். ஐயமிருப்பின் வேளாண்மைத் துறையின் மண் ஆய்வுக் கூடத்தை நாடலாம்.)

பூவரசு கடலோரத்திற்கே உரியது. கைப்பருமனுள்ள போத்துகளை 6 அடிக்கு ஒன்றாக ஊன்றினால் தழைத்துவிடும். இடையிடையே 2 அடிக்கு ஒன்றாகக் கொடுக்காப்புளி விதைகளை ஊன்றலாம். அதன் முள் ஆட்டையும் அந்நியரையும் தடுக்கும், பழம் பிள்ளைகளுக்கு. அடிப்பகுதியை அடைக்க நம் ஊர்ச் சங்கஞ்செடி உண்டு. எல்லையிலிருந்து 2 அடி உள்ளே தள்ளி நட்டால், கிளை கழிக்க அண்டை வீட்டாரின் நிலத்தில் கால்வைக்க நேராது. வேலியால் விளைந்த பகையைத் தீர்க்கப் பங்குக்குருவை அழைக்கவும் நேராது!

சீமைக்கருவேலம் தானே வளருமே என்பர் சிலர். வளரும்; அண்டையார் நிலத்திலும் கண்மாயிலும் சேர்த்தே வளரும். அதனை அகற்றுமாறு 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டதை நாம் அறிவோம். அரளி அடர்ந்து மறைக்கும், உப்பையும் தாங்கும். எனினும் வேர் முதல் பூவரை நஞ்சு. சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் அதற்கு இடம் தரலாகாது.

ஐப்பசி மழை தொடங்கும் வேளையே நடுவதற்கு ஏற்றது. நல்ல மழை உப்பைக் கீழே கழுவிச் செல்லும். ஒன்றரை அடி ஆழத்தில் வாய்க்கால் போல் தோண்டி, குளத்து வண்டலும் மக்கிய எருவும் இட்டு நிரப்புக. செடியைச் சுற்றிச் சருகோ பனையோலையோ பரப்பினால் ஈரம் காக்கும், உப்பு மேலேறுவதும் குறையும். சலவைச் சோடா கலந்த நீரை வேலிக்குத் திருப்பி விடலாகாது. அது மண்ணை மேலும் கெடுக்கும்.

கொடுக்காப்புளி இடுப்பளவு வளர்ந்ததும் நுனியை வெட்டிவிட வேண்டும். வளர்ந்ததை வெட்ட மனம் வராமல் விட்டவர்களின் வேலி உச்சியில் தழைத்து, மறைக்க வேண்டிய அடியில் வெறுங்கம்பாய் நிற்பதைக் காண்கிறோம். வேலி அடர இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும். அதுவரை பழைய ஓலைத் தட்டியைக் கழற்றாமல் வெளிப்புறமாய் நிறுத்தி வைக்கவும்.