விளக்குக்கு மேலே ஒரு மண்கூடு

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட வீட்டு வாசல். விளக்குக்கு மேலே, சுவரும் உத்தரமும் சேரும் மூலையில், பாதிச் சிரட்டையை ஒட்டவைத்தது போல ஒரு மண்கூடு. கீழே நாங்கள் காபி குடித்துக்கொண்டிருக்க, தலைக்கு ஒரு முழம் மேலே விர்ரென்று நுழைந்தது ஒரு குருவி. கூட்டின் விளிம்பில் மூன்று மஞ்சள் வாய்கள் ஒன்றாகத் திறந்தன. அடுத்த கணம் குருவியைக் காணோம்.

அதுதான் மலைத் தகைவிலான். சுமார் 13 சென்டிமீட்டர் நீளம். முதுகு மினுங்கும் கருநீலம். நெற்றியும் தொண்டையும் செங்கல் நிறம். குளிர்காலத்தில் சமவெளிக்கு வந்து மின்கம்பியில் வரிசையாக உட்காருமே, அந்தத் தகைவிலானுக்கு மார்பில் கரும்பட்டையும் நீண்ட வால்கம்பிகளும் உண்டு. இதற்கு இரண்டும் கிடையாது. வலசையும் போவதில்லை, தென்னிந்திய மலைகளும் இலங்கையும்தான் அதன் ஊர். மதராஸ் மாகாணத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1840களில் இதற்கு வைத்த பெயர் ‘டொமிகோலா’. லத்தீனில் ‘வீட்டில் குடியிருப்பது’ என்று பொருள். இவ்வளவு பொருத்தமான பெயர் எல்லாப் பறவைக்கும் வாய்ப்பதில்லை.

கூடு கட்டுவதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். குழாயடிச் சேற்றில் இறங்கி, அலகு கொள்ளுமளவு ஒரு உருண்டை எடுக்கும். அதைச் சுவரில் அழுத்தி ஒட்டிவிட்டு மறுபடி சேற்றுக்குப் போகும். ஒரேயடியாக ஏற்றினால் ஈரத்தின் கனத்தில் சரிந்துவிடும் அல்லவா? கொஞ்சம் கட்டி, காயவிட்டு, பிறகு தொடரும். மண் விரிசல் விடாமல் பிடித்துக்கொள்ள இடையில் புல்நாரும் சேரும். மண்சுவருக்கு நம்மவர்கள் வைக்கோல் கலந்து குழைத்ததும் இதற்குத்தான். உள்ளே இறகு மெத்தை. காய்ந்த கூட்டைக் கிட்டத்தில் பார்த்தால் ஒவ்வொரு உருண்டையும் தனித்தனியாகத் தெரியும், எண்ணிவிடலாம் போல.

பாறை இடுக்கிலும் குகை வாயிலிலும் கட்டிவந்த இனம் இது. மழை படாத கூரையும், மண் பிடிக்கும் சொரசொரப்பான சுவரும் நம் வாசலில் கிடைத்துவிடுகின்றன.

எச்சம் விழுகிறதென்று கூட்டைத் துடைப்பத்தால் தட்டிவிடுகிறார்கள். முட்டையோடு சிதறிக் கிடந்த ஒரு கூட்டைப் பார்த்தவன் என்பதால் கெஞ்சியே கேட்கிறேன்: இரண்டடி கீழே ஒரு பலகையை அடித்துவிடுங்கள். குஞ்சு சிறியதாக இருக்கும்வரை எச்சத்தைப் பெற்றவையே அலகில் எடுத்துப்போய் வெளியே போட்டுவிடும். வளர்ந்த குஞ்சுகள் விளிம்புக்கு வெளியே பின்பக்கத்தை நீட்டும்போதுதான் தொல்லை. பொரித்துச் சுமார் மூன்று வாரத்தில் அவையும் பறந்துவிடும்.

அந்தக் குன்னூர் வீட்டில் பலகைக்குப் பதில் பழைய பிஸ்கட் டின் மூடி கட்டியிருந்தது. “குஞ்சு பறக்கிற வரைக்கும் வாசல் லைட் போடறதில்லைங்க, டார்ச்தான்” என்றார் வீட்டுக்கார அம்மா.