மாட்டுக்குச் சோறு ஏன் ஆகாது?

பொங்கல் முடிந்த மறுநாளும் முகூர்த்த மாதங்களிலும் கால்நடை மருத்துவர்களுக்கு ஓய்வு இருக்காது. மீந்துபோன சாதம், பொங்கல், பாயசம் எல்லாவற்றையும் வீணாகப் போகுதே என்று தொட்டியில் கொட்டிவிடுகிறோம். மாடும் ஆசையாகத் தின்கிறது. மறுநாள் படுத்த இடத்தைவிட்டு எழுந்திருப்பதில்லை. போன தை மாதம் எங்கள் ஊரில் இரண்டாம் ஈத்துக் கறவை மாடு ஒன்று இப்படித்தான் செத்துப்போனது. "வைக்கோலத் திங்கிற மாட்டுக்கு, அதே நெல்லுல வந்த சோறு எப்படி சார் விஷமாகும்?" என்று அந்த வீட்டுப் பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி.

முதலில் நம் வயிற்றைப் பார்ப்போம். சாம்பார் வாசனை மூக்கில் ஏறியதுமே மூளையிலிருந்து நரம்பு வழியாகச் சேதி போய், இரைப்பையில் அமிலம் சுரக்க ஆரம்பித்துவிடும். ரஷ்யாவின் பாவ்லோவ் இதை நாய்களிடம் ஆராய்ந்து காட்டினார். செரிமான ஆராய்ச்சிக்காக 1904-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சாப்பாடு உள்ளே விழுந்ததும் இரைப்பைச் சுவரே காஸ்ட்ரின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விட்டு, இன்னும் அமிலம் சுரக்கச் செய்கிறது. அமிலம் மிஞ்சினால் இன்னொரு ஹார்மோன் வந்து அதை அடக்கும். ஒரு நாளைக்குச் சுமார் 2 லிட்டர் சுரக்கிறது. தேவைக்குத் தக்க சுரப்பு, மிஞ்சினால் தடுப்பு.

மாட்டின் கதை வேறு. அதன் வயிற்றில் நான்கு அறைகள். முதல் மூன்று அறைகளில் செரிமான நீர் சுரக்கும் சுரப்பியே கிடையாது. பெரிய மாட்டின் முதல் அறை 100 லிட்டருக்கு மேல் பிடிக்கும் ஒரு நொதிக்கலன். நம் பஞ்சகவ்யப் பானை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள கோடானுகோடி நுண்ணுயிர்கள் வைக்கோலையும் புல்லையும் நொதிக்கவைத்து மென்மையான அமிலங்களாக்குகின்றன. அறையின் சுவர் அவற்றை உறிஞ்சிக்கொள்கிறது. மாட்டுக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதி இப்படித்தான் கிடைக்கிறது.

இங்கே அமிலம் மிஞ்சினால் எது அடக்கும்? எச்சில்தான். ஒரு பெரிய கறவை மாடு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கும் மேல் எச்சில் சுரக்கிறது. நம்ப முடியவில்லை அல்லவா? எனக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை. அந்த எச்சிலில் நம் ஆப்பசோடாவில் இருக்கும் அதே பைகார்பனேட் உப்பு கரைந்திருக்கிறது. அது போய்ச் சேரச் சேர முதல் அறையின் கார அமில நிலை 6-க்கும் 7-க்கும் நடுவில் நிற்கும்.

ஆனால் அந்த எச்சில் சும்மா வராது. மெல்ல வேண்டும், அசைபோட வேண்டும். நல்ல நாரை மேயும் மாடு ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசைபோடும். ஒவ்வொரு கவளத்தையும் ஐம்பது தடவை போல மெல்லும். அந்த அசையைக் கிளப்பிவிடுவது, முதல் அறையின் சுவரை உரசுகிற கரடான நார். வைக்கோல், தட்டை இவற்றின் வேலை வயிற்றை நிரப்புவது மட்டுமில்லை. எச்சிலைத் திறந்துவிடும் மடையும் அதுதான்.

பெரியவர் கேட்டதற்கு இப்போது வருகிறேன். சோற்றில் மெல்ல ஒன்றுமில்லை, எச்சிலும் ஊறாது. வெந்த மாவுச்சத்து சில மணி நேரத்தில் நொதித்துவிடும். அப்போது லாக்டிக் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மட்டும் பெருகிவிடுகின்றன. இந்த அமிலம் வழக்கமான அமிலங்களைவிடப் பல மடங்கு கடுமையானது. கார அமில நிலை 5-க்கும் கீழே இறங்கினால் நல்ல நுண்ணுயிர்கள் சாகும், வயிறு அசைவதை நிறுத்தும். ரத்தத்திலுள்ள தண்ணீரெல்லாம் வயிற்றுக்குள் இறங்கும். கண் குழிந்துபோகும், சாணி புளித்த நாற்றத்தோடு தண்ணியாகப் போகும். விட்டால் ஓரிரு நாளில் மாடு போய்விடும். இட்லி மாவு, கோதுமை, மக்காச்சோள மாவு எதை ஒரேயடியாக வைத்தாலும் இதே கதிதான்.

நான்காவது அறைதான் நம் இரைப்பை போன்றது. அமிலமும் பெப்சினும் அங்கே சுரந்து, முன்னறைகளிலிருந்து வரும் நுண்ணுயிர்களையே செரித்துப் புரதமாக்கிக்கொள்கின்றன. மேலேயிருந்து இரை விடாமல் இறங்கிக்கொண்டே இருப்பதால் இங்கே சுரப்பும் நாள் முழுக்க நடக்கிறது. பால்குடிக் கன்றுக்கு முதல் அறை வளர்ந்திருக்காது. ஊட்டும்போது ஒரு வாய்க்கால் மடிந்து மூடி, பாலை நேராக நான்காவது அறைக்கு அனுப்பிவிடும். அங்கே ஒரு நொதி பாலைத் திரளவைக்கும்.

எங்கள் தொழுவத்தில் காலையில் முதலில் வைக்கோல், அப்புறம்தான் தவிடும் புண்ணாக்கும். அடர்தீவனத்தை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போடுகிறோம். புதுத் தீவனம் என்றால் இரண்டு வாரமாவது எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவோம். தட்டையைப் பொடியாக வெட்டுவதில்லை. பொடியானால் அசை குறையும். மதியம் படுத்திருக்கும் மாடுகளில் பாதிக்கு மேல் அசைபோடுகிறதா என்று ஒரு நடை பார்த்துவிடுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

மாடு சோற்றை அள்ளித் தின்றுவிட்டது தெரிந்தால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அப்போதே மருத்துவரைக் கூப்பிட்டு, என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். மற்ற தீவனத்தை நிறுத்திவிட்டு வைக்கோல் மட்டும் போடலாம். ஆப்பசோடா கரைத்து ஊற்றுவதென்றால் அளவை அவரிடம் கேட்டுக்கொண்டு ஊற்றுங்கள். படுத்துவிட்ட மாட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.