அப்புறமா? அதனாலயா?

"நீ பார்த்த படத்தோட கதை என்ன?" என்று பாட்டி போனில் கேட்கிறார். நாம் எப்படிச் சொல்வோம்?

"ஒரு குட்டி மீன் இருந்துச்சு பாட்டி. அப்புறம் அதை ஒருத்தர் பிடிச்சுட்டுப் போயிட்டார். அப்புறம் அதோட அப்பா தேடிப் போனார். அப்புறம் சுறா வந்துச்சு. அப்புறம்..."

பாட்டி "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பத்தாவது 'அப்புறம்' வரும்போது அவருக்குத் தூக்கம் வந்துவிடும்!

'அப்புறம்' நல்ல சொல்தான். ஆனால் எது முன்னால், எது பின்னால் என்று மட்டும்தான் அது சொல்லும். ஏன் நடந்தது என்று சொல்லாது. இப்போது அதே கதையை வேறு மாதிரி சொல்லிப் பார்ப்போம்.

"அம்மா மீனையும் முட்டைகளையும் ஒரு பெரிய மீன் தின்னுடுச்சு பாட்டி. ஒரே ஒரு முட்டைதான் மிச்சம். அதனால அப்பாவுக்கு எப்பவும் பயம். அதனால பையனை எங்கேயும் தனியா விடமாட்டார். பள்ளிக்கூடத்தோட முதல் நாள் அன்னைக்கே, எல்லார் முன்னாடியும் திட்டிட்டார். அதனால பையனுக்குக் கோபம் வந்துச்சு. அந்தக் கோபத்துல தூரமா நீந்திப் போனான். அதனாலதான் மாட்டிக்கிட்டான்!"

இது 2003-இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படம். உங்களில் நிறையப் பேர் பார்த்திருப்பீங்க. இரண்டு முறையும் நாம் சொன்னது ஒரே கதைதான். ஆனால் இரண்டாவது முறை ஒரு நிகழ்ச்சி இன்னொரு நிகழ்ச்சியைப் பிடித்து இழுக்கிறது. இப்படி நிகழ்ச்சிகளைக் காரணத்தோடு சேர்த்துக் கட்டுவதற்குத் தமிழில் 'கதைப்பின்னல்' என்று பெயர்.

பின்னல் என்றால் உங்களுக்குத் தெரியும். முடியை மூன்றாகப் பிரித்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுப் பின்னுவோம். நடுவில் ஒரு பிரியை விட்டுவிட்டால் பின்னல் அவிழ்ந்துவிடும். கதையும் அப்படித்தான். ஒரு கதையில் எது முக்கியம் என்று தெரிய வேண்டுமா? அதை எடுத்துவிட்டுப் பாருங்க. நான் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவன். எந்த வரி என்ன வேலை செய்கிறது என்று புரியாவிட்டால், அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பேன். கதைக்கும் இதே வழி நன்றாக வேலை செய்யும்.

நீமோவைப் பிடித்தவர் ஒரு பல் மருத்துவர். படகு வேகமாகக் கிளம்பும்போது, நீச்சலுக்குப் போடும் கண்ணாடி ஒன்று கடலில் விழுகிறது. அதில் சிட்னி முகவரி எழுதியிருக்கிறது. அந்தக் கண்ணாடி விழாமல் இருந்தால்? அப்பா மார்லினுக்கு எங்கே போவது என்றே தெரியாது. சரி, கண்ணாடி கிடைத்தது. ஆனால் மார்லினுக்குப் படிக்கத் தெரியாதே! டோரிக்குத் தெரியும். ஆழ்கடலில் ஒரே இருட்டு. எப்படிப் படிப்பது? தலையில் விளக்கு மாதிரி ஒளிரும் ஒரு பயங்கர மீன் அவர்களைத் தின்ன வருகிறது. அந்த மீனின் வெளிச்சத்திலேயே டோரி முகவரியைப் படிக்கிறாள். ஆபத்தே உதவியாகவும் ஆகிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இப்போது ஒரு பழைய தமிழ்க் கதைக்குப் போவோம். இளங்கோவடிகள் எழுதிய சிலப்பதிகாரம். இதில் மூன்று காண்டங்கள், 30 காதைகள் உண்டு. பெரிய நூல். ஆனால் அதன் பின்னலின் முடிச்சு ஒரு சின்ன நகையில் இருக்கிறது. சிலம்பு என்பது பெண்கள் காலில் அணிந்த நகை. அதன் உள்ளே பரல்கள், அதாவது சின்னச் சின்ன மணிகள் இருக்கும். நடந்தால் கலகல என்று ஒலிக்கும்.

கோவலனும் கண்ணகியும் செல்வத்தை இழந்து, புகார் நகரத்தை விட்டு மதுரைக்கு வருகிறார்கள். கண்ணகியின் சிலம்புகளில் ஒன்றை விற்றுப் புது வாழ்க்கை தொடங்கலாம் என்று நினைக்கிறார்கள். கோவலன் அதை விற்கப் போகும் வழியில் அரண்மனைப் பொற்கொல்லனைச் சந்திக்கிறான். அந்தப் பொற்கொல்லன் ஏற்கெனவே பாண்டிய அரசியின் சிலம்பைத் திருடியவன்! 'பழியை இவன் மேல் போட்டுவிடலாம்' என்று நினைத்து, அரசனிடம் ஓடுகிறான்.

அந்த நேரத்தில் அரசன் என்ன செய்துகொண்டிருந்தான் தெரியுமா? நடனப் பெண்களின் ஆடலையும் பாடலையும் அவன் ரசித்ததால், அரசி கோப்பெருந்தேவிக்குக் கோபம். அவள் 'தலைவலி' என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். அதனால் அரசன் அவளைச் சமாதானம் செய்ய அவசரமாகப் போகிறான். அந்த அவசரத்தில்தான் பொற்கொல்லன் வந்து காலில் விழுகிறான். அதனால் அரசன் எதுவும் விசாரிக்கவில்லை. சிலம்பு அவனிடம் இருந்தால் கொன்றுவிட்டு எடுத்து வரச் சொல்கிறான்.

யோசிச்சுப் பாருங்க. ஒரு பொய்த் தலைவலி! அதை எடுத்துவிட்டால் அரசனுக்கு அவசரம் இல்லை. "நீ யார்? இந்தச் சிலம்பு உனக்கு எப்படிக் கிடைத்தது?" என்று கோவலனிடம் கேட்டிருக்கலாம். காவலர்களுக்குக்கூடக் கோவலனைப் பார்த்தால் திருடன் மாதிரி தெரியவில்லை. அவர்கள் தயங்குகிறார்கள். ஆனால் பொற்கொல்லன் பேசிப் பேசி அவர்களை நம்ப வைக்கிறான். கடைசியில் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

பிறகு கண்ணகி இன்னொரு சிலம்பைக் கையில் ஏந்திக்கொண்டு அரசன் முன் வந்து நிற்கிறாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் அரசன். கோவலனிடம் எடுத்த சிலம்பைக் கொண்டு வரச் செய்கிறான். கண்ணகி அதை உடைக்கிறாள். மாணிக்கம் தெறிக்கிறது. அரசனுக்கு உண்மை தெரிகிறது. தான் செய்த தவற்றைத் தாங்க முடியாமல் அங்கேயே விழுந்து இறக்கிறான். மதுரை எரிகிறது.

இரண்டு சிலம்பிலும் முத்து இருந்தால் இந்தக் கதை எப்படி முடிந்திருக்கும்?

இதில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. கோவலன் ஏன் இறந்தான்? முன்பு செய்த வினை, அதாவது ஊழ், திரும்பி வந்தது என்று நூல் சொல்கிறது. தவறு செய்த அரசனுக்கு அறமே எமனாக வரும் என்றும் அதே நூல் சொல்கிறது. அப்படியென்றால் எல்லாம் விதியா? இல்லை, அரசன் ஒரு கேள்வி கேட்டிருந்தால் மாறியிருக்குமா? என் கட்சி இரண்டாவது. ஊழ்தான் காரணம் என்று உங்க வீட்டில் யாராவது சொன்னால், அவர்களோடு வாதாடிப் பாருங்க.

விளையாட்டுகளில் என்ன ஆகிறது? படத்திலும் புத்தகத்திலும் ஆசிரியர் பின்னிவிட்டார், நாம் பார்க்கிறோம். வீடியோ கேமில் பின்னலின் ஒரு பிரி நம் கையில் இருக்கிறது. 2017-இல் வந்த 'தி லெஜெண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்' விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்க. வீரன் லிங்க் 100 வருடம் தூங்கி எழுகிறான். அவனுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. பழைய நினைவுகள் நாடெங்கும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை நாம் எந்த வரிசையிலும் கண்டுபிடிக்கலாம். முதல் பகுதியை முடித்ததும், ஒரு நினைவைக்கூடத் தேடாமல் நேராகக் கடைசிச் சண்டைக்கும் போகலாம்!

அந்த 100 வருடத்துக்கு முன்னால் நடந்தது யாருக்கும் மாறாது. ஆனால் அதை உங்க அண்ணன் ஒரு வரிசையில் தெரிந்துகொள்வார், நீங்க வேறு வரிசையில் தெரிந்துகொள்வீங்க. நடந்த வரிசை வேறு, நமக்குத் தெரிய வரும் வரிசை வேறு. செல்டா இளவரசி முதலில் லிங்க்கிடம் எரிந்து விழுகிறாள். அந்த நினைவை முதலில் பார்த்தால் அவளைப் பிடிக்காமல் போகலாம். அவள் அழுகிற நினைவை முதலில் பார்த்தவருக்கு அந்தக் கோபமே வேறு மாதிரி தெரியும்.

செய்து பாருங்கள்

1. உங்களுக்குப் பிடித்த ஒரு படத்தின் கதையை ஐந்து வரிகளில் எழுதுங்க. 'அப்புறம்' வரக்கூடாது. 'அதனால்', 'ஆனால்' இரண்டும் வரலாம்.

2. கோவலன் இரண்டு சிலம்புகளையும் எடுத்துக்கொண்டு போயிருந்தால், கண்ணகி அரசனிடம் எப்படி வாதாடியிருப்பாள்? அவள் பேசுவது போல எழுதுங்க.

3. மைன்கிராஃப்ட் விளையாடும்போது நீங்க வீடு கட்டுறீங்க, இரவில் அரக்கர்கள் வருகிறார்கள், வீடு உடைகிறது. இதில் கதைப்பின்னல் இருக்கிறதா? பக்கத்தில் இருப்பவரோடு பேசி முடிவு செய்யுங்க.