செவிலியப் பணியை எதைக் கொண்டு அளப்பது?

அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோர் மருத்துவரின் பெயரை மறப்பதில்லை. நள்ளிரவில் புரண்டு படுக்க உதவிய கை எவருடையது என்பது பெரும்பாலும் நினைவில் நிற்பதில்லை. செவிலியப் பணியின் இயல்பு அது. படுக்கைப்புண் வரவில்லை, நோயாளி தவறி விழவில்லை, தொற்று ஏற்படவில்லை என்பனவே அது நன்கு நடந்ததற்கான அடையாளங்கள். நிகழாமல் போனவற்றை எவ்வாறு அளப்பது?

ஐரோப்பாவில் இதற்கு ஒரு பெருமுயற்சி நடந்தது. பேராசிரியர் லிண்டா ஐக்கன் தலைமையிலான ஆய்வாளர்கள் 9 நாடுகளில் 300 மருத்துவமனைகளின் பதிவுகளை ஆராய்ந்து, 2014-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் தம் முடிவை வெளியிட்டனர். அறுவைச் சிகிச்சை பெற்ற, 50 வயதும் அதற்கு மேலும் ஆன 4 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அதில் அடங்கும். செவிலியர் ஒருவரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடுதலானாலும், 30 நாள்களுக்குள் இறப்பு நேரும் வாய்ப்பு 7 விழுக்காடு உயர்ந்திருந்தது.

ஆயினும் நாடுகளை ஒப்பிடுவது எளிதன்று. ஓரிடத்தில் நோயாளி மூன்றாம் நாளே வீடு செல்வார். மற்றோரிடத்தில் பத்து நாள் தங்குவார். படுக்கைப்புண் ஒவ்வொன்றையும் நேர்மையாகப் பதிவு செய்யும் மருத்துவமனை, பதிவே செய்யாத மருத்துவமனையைவிடத் தாழ்ந்ததாகத் தோன்றும். எண் குறைந்திருப்பது மட்டுமே நற்பணிக்குச் சான்றாகாது.

எனவே செவிலியரிடமே கேட்டனர்: நேரமின்மையால் நீங்கள் செய்யாமல் விட்டது எது? 12 ஐரோப்பிய நாடுகளில் மிகப் பலர் கூறிய விடை, நோயாளியுடன் பேசி ஆறுதல் அளிப்பது என்பதே. நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் விளக்கிச் சொல்வதும் அவ்வாறே விடுபட்டிருந்தது. ஆட்கள் குறையும்போது முதலில் குறைவது பேச்சே.

இதனை உங்களுக்கு ஏன் கூறுகிறோம்? அவ்வாறு விடுபட்ட பேச்சை நோயாளியின் பதிவேடு காட்டாது, நீங்கள் அறிவீர்கள். ஆகவே, வீடு திரும்பும்போது தரப்படும் கருத்துப் படிவத்தில் 'நன்று' என்று மட்டும் குறித்துவிடாதீர்கள். அழைத்தபோது எவ்வளவு நேரத்தில் வந்தனர், மருந்துகளைப் புரியும்படி விளக்கினரா என்று எழுதுங்கள். நோயாளியின் முதுகிலோ குதிகாலிலோ நிறம் மாறி, அழுத்தினாலும் மறையாத தடம் தெரிந்தால் உடனே சொல்லுங்கள். படுக்கைப்புண் அவ்வாறே தொடங்கும்.

குறை கூறினால் கவனிப்புக் குறையுமோ என்ற அச்சம் வேண்டா. நீங்கள் சொல்லாத குறை எங்கள் கணக்கில் இல்லாத குறையாகிவிடும்; இல்லாத குறையை எவராலும் திருத்த இயலாது.