நுழைவாயிலில் எளிமையும் காவலும்

உரியவரை உள்ளே விடுவதும் அயலாரை வெளியே நிறுத்துவதும் ஒரே வாயிலின் பணிகளாகும். மேகக் கணிமை என்று வழங்கும் முறையில் நம் மடல்களும் ஆவணங்களும் மாணவர்தம் மதிப்பெண் பட்டியல்களும் தொலைவிலுள்ள கணினி நிலையங்களில் சேமிக்கப்படுகின்றன. அவற்றிற்கு வாயிலாக அமைவது, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் நுழைவுத்திரை. அதனை அமைக்கும் பொறுப்பு நிறுவனத்தின் கணினி நிர்வாகியைச் சார்ந்தது.

காவல் மிகுந்தால் எளிமை குறையும் என்பது பொதுவான எண்ணம். ஆயின், 1883ஆம் ஆண்டிலேயே மொழியறிஞர் அகஸ்டே கெர்க்காஃப்ஸ் மறைகுறியீட்டு முறைகளுக்கு ஆறு நெறிகளை வகுத்தபோது, பயன்படுத்துவோர்க்கு எளிதாயிருத்தல் வேண்டும் என்பதை இறுதி நெறியாக வைத்தார். கடினமான காவலை மனிதர் குறுக்குவழியில் கடந்துவிடுவர் என்பதே இதன் உட்கிடை.

இதற்குச் சான்று கடவுச்சொல் மாற்றம். 90 நாள்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்னும் விதி பல அலுவலகங்களில் இருந்தது. விளைவு யாது? பழைய சொல்லின் இறுதியில் ஒன்றை இரண்டாக்கினர். தாளில் எழுதி மேசையில் ஒட்டினர். எனவே அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறையில், களவு போனதற்கான அறிகுறி இருந்தாலன்றி மாற்றக் கட்டாயப்படுத்தலாகாது என்றும், பலரும் பயன்படுத்தும் சொற்களையும் முன்பே வெளிப்பட்ட சொற்களையும் ஏற்கலாகாது என்றும் கூறியது. சுமை குறைந்தது, காவலும் வலுப்பெற்றது.

திரையில் தோன்றும் வாசகமும் கருதத்தக்கது. ‘இப்பெயரில் கணக்கு இல்லை’ என்று அறிவித்தால் மறதியுள்ளவர்க்கு உதவியே. ஆனால் எப்பெயர்கள் உள்ளன என்பதைத் திருடனும் அறிந்துகொள்வான். ‘பெயரோ கடவுச்சொல்லோ தவறானது’ என்பதே தக்க வாசகம். அவ்வாறே, சில தவறுகளுக்குப் பின் கணக்கை நிலையாகப் பூட்டினால், தீயோன் வேண்டுமென்றே தவறாக இட்டு உரியவரையே வெளியேற்றலாம். சிறிது நேரம் மட்டும் பூட்டுதல் இரு தீங்கையும் குறைக்கும்.

கடவுச்சொல்லுடன் கைப்பேசி ஒப்புதலும் கேட்பது வலிமையான முறை. எனினும் 2022ஆம் ஆண்டு ஊபர் நிறுவனத்தின் ஒப்பந்தப் பணியாளர் ஒருவருக்கு அடுத்தடுத்து ஒப்புதல் கோரிக்கைகள் வந்தன. அவர் ஒன்றை ஏற்கவே, ஊடுருவியவர் உள்ளே நுழைந்தார். ‘ஆம்’ என்று தொடுவது மிக எளிதாயிருந்ததே குறை. திரையில் தெரியும் எண்ணைக் கைப்பேசியில் இடச் செய்யும் முறையை மைக்ரோசாஃப்ட் 2023ஆம் ஆண்டு தன் ஒப்புதல் செயலியில் கட்டாயமாக்கியது. இங்கே சிறிதளவு கடினமே காவலாயிற்று.

நிறுவனத்தின் இலச்சினையைத் திரையில் இடுவது பயனர்க்கு நம்பிக்கை தரும். ஆனால் போலித் திரை அமைப்போரும் அதனைப் படியெடுக்க இயலும். ஆதலின் இணைய முகவரியை நோக்கும் பழக்கம் இன்றியமையாதது. ‘உள்நுழைந்த நிலையிலேயே இருக்கவா?’ என்னும் வினா சொந்தக் கணினியில் வசதி. பலர் பயிலும் கணினிக்கூடத்திலோ அடுத்து அமர்பவர்க்கு நம் கணக்கைத் திறந்து வைப்பதாகும்.

ஆகவே ஒவ்வோர் அமைப்பிலும் இரு வினாக்களை எழுப்புதல் வேண்டும்: உரியவர்க்கு இது எத்துணைச் சுமை? அயலார்க்கு எத்துணைத் தடை? உரியவரை வருத்தி அயலாரைத் தடுக்காத விதியை நீக்குக. பிறர் ஒப்படைத்த செய்திகள் நம்மிடம் உள்ள அமானிதம். அதனைக் காப்பதும், உரியவர் வேண்டும்போது தாமதமின்றி அளிப்பதும் ஒரே கடமையின் இரு கூறுகளேயாம்.