மிளகாயும் புற்றுநோய் மருந்தும்: வணிகர்கள் அறிய வேண்டியவை

வற்றல் மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போது தும்மாத மளிகை வணிகர் நம்மில் எவரும் இல்லை. அந்தக் காரத்தைத் தரும் பொருளின் பெயர் கேப்சைசின். அது விதையில் உண்டாவதாகப் பலரும் எண்ணுகிறோம். உண்மையில் விதைகளைத் தாங்கி நிற்கும் வெண்ணிறச் சதையில்தான் உண்டாகிறது.

இப்பொருளிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து காண வெளிநாடுகளில் ஆய்வுகள் நடந்து வருகின்றன. "மிளகாய் சாப்பிட்டால் புற்றுநோய் தீருமாமே?" என்று வாடிக்கையாளர் நம் கடையிலேயே கேட்கக்கூடும். ஆகவே உண்மை நிலையை நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

2006-ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள சீடர்ஸ்-சினாய் மருத்துவ மையத்தார் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மனிதரின் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் செல்களைச் சுண்டெலிகளின் உடலில் வளர்த்து, அவற்றுக்குக் கேப்சைசின் கொடுத்துப் பார்த்தனர். கொடுக்கப்படாத எலிகளின் கட்டியைவிட, கொடுக்கப்பட்டவற்றின் கட்டி ஐந்தில் ஒரு பங்கு அளவே இருந்தது. 2007-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தார், இவ்வகைப் பொருள்கள் புற்றுநோய் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்கி, அந்த செல்லை மடியச் செய்வதாகத் தெரிவித்தனர்.

ஆனால் இவை எலியிலும் சோதனைக் குழாயிலும் கண்டவை. எலிக்குக் கொடுத்த அளவை 90 கிலோ எடையுள்ள மனிதருக்குக் கணக்கிட்டால், வாரம் மூன்று முறை 400 மில்லிகிராம் கேப்சைசின் வேண்டும். குழம்பில் போடும் மிளகாயால் இது ஆகிற காரியமல்ல. மேலும், மெக்சிகோ நகரில் நடத்தப்பட்டு 1994-இல் வெளியான ஓர் ஆய்வு, மிளகாய் அதிகம் உண்போரிடம் இரைப்பைப் புற்றுநோய் மிகுதியாக இருந்ததாகக் கூறியது. கேப்சைசின் மருந்தாக வந்திருப்பது வலி நிவாரணத்துக்கே. அக்கி வந்துபோன பின் நீடிக்கும் நரம்பு வலிக்கு 8 சதவீதப் பட்டை 2009-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புற்றுநோயைத் தீர்க்கும் மருந்தாக அது இன்னும் வரவில்லை.

ஆகவே வணிகப் பெருமக்களே, மிளகாய்த்தூள் பாக்கெட்டிலோ விளம்பரப் பலகையிலோ "புற்றுநோயைத் தீர்க்கும்" என்று அச்சிடாதீர்கள். 1954-ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் புற்றுநோயும் அடங்கும். சட்டத்தைவிடப் பெரியது ஒன்று உண்டு. நம் பேச்சை நம்பி ஒரு நோயாளி வைத்தியத்தைத் தள்ளிப்போட்டால், அந்தப் பழி நம்மையே சேரும்.

புற்றுநோயைத் தடுக்க நம் கையில் ஒரு வேலை நிச்சயமாக இருக்கிறது. ஈரம் பட்ட வற்றலில் பூசணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகும். அது கல்லீரல் புற்றுநோயை விளைவிப்பது ஐயமற உறுதியானது. வற்றலை நன்கு காயவைத்து, தரையில் படாமல் பலகை மேல் அடுக்குங்கள். பூசணம் பிடித்ததை மலிவு விலைக்கு அரைவைக்குத் தள்ளாதீர்கள். சூடான் சாயம் கலந்த தூளை எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் வாங்காதீர்கள். உணவில் அது தடை செய்யப்பட்டது. 2003-இல் இந்திய மிளகாய்த்தூளில் அது கண்டுபிடிக்கப்பட்டு, ஐரோப்பாவில் நம் சரக்குக்கே கெட்ட பெயர் வந்தது.

மருந்து காண்பது விஞ்ஞானிகள் வேலை. நஞ்சில்லாத சரக்கைத் தருவது நம் வேலை.