மறைப்பதும் நீக்குவதும்

கழிவுநீர் மீண்டும் தூய நீராகுமா? இவ்வினா பொறியியலாருக்கு மட்டும் உரியதன்று. ஃபிக்ஹு நூல்களின் முதற்பாடமாகிய தஹாரத்திலேயே எழுவதாகும்.

இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' என்னும் நூலில் இதனை நுட்பமாக வகுத்துள்ளார்கள். இரு குல்லத்து அளவை எட்டிய நீர், நஜீஸ் கலந்து நிறமோ சுவையோ மணமோ மாறிவிடின் அசுத்தமாகும். அம்மாற்றம் தானாகவோ வேறு நீர் சேர்வதாலோ அகன்றால் தூய்மை மீளும். கஸ்தூரியோ குங்குமப்பூவோ இட்டு நாற்றத்தை அமுக்கினால் மீளாது. மறைப்பது வேறு, நீக்குவது வேறு.

இன்றைய சுத்திகரிப்பு நிலையங்களின் நோக்கமும் நீக்குவதே. முதலில் கம்பிவலைகள் குப்பையைத் தடுக்கின்றன. அடுத்து, மணலும் கசடும் தொட்டிகளில் படிகின்றன. நீரில் கரைந்த மாசு இவ்வாறு படிவதில்லை. அங்கே நுண்ணுயிர்கள் துணைக்கு வருகின்றன. காற்றூட்டப்படும் தொட்டியில் அவை மாசினை உண்டு பெருகி, பின்னர் அடுத்த தொட்டியில் கசடாய்த் திரண்டு அடியில் தங்குகின்றன. அக்கசட்டில் ஒரு பகுதியைக் காற்றூட்டும் தொட்டிக்கே திருப்பிவிடுவது இம்முறையின் உயிர்நாடி. 1914ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரில் ஆர்டெர்ன், லாக்கெட் ஆகிய இருவரும் அறிவித்த இம்முறை இன்றும் உலகெங்கும் வழக்கிலுள்ளது. இறுதியில் நீரை வடிகட்டி, குளோரினாலோ புற ஊதாக் கதிராலோ கிருமிகளை அழிப்பர்.

1978இல் சஊதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் குழு இதனை ஆராய்ந்தது. சுவை, நிறம், மணம் ஆகிய மூன்றிலும் நஜீஸின் சுவடு எஞ்சாதவாறு சுத்திகரிக்கப்பட்ட நீர் தூயதே. உளூவுக்கும் குளிப்புக்கும் ஆகும் என அக்குழு தீர்மானித்தது. அருந்துவதைத் தவிர்க்கச் சொன்னதோ, நஜீஸ் எனக் கருதியன்று, உடல்நலம் கருதியே. புலன்களுக்கு எட்டாத கிருமியையும் உப்பையும் ஆய்வகமே அறியும் அன்றோ!

சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு ஆகிய இரு இடங்களிலும் 2019இல் தொடங்கப்பட்ட நிலையங்கள், நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் நீரைத் தொழிற்சாலைகளுக்கென மீட்கும் திறனுடையவை. சாக்கடை நீரையே இவ்வாறு மீட்க இயலுமெனில், நம் பள்ளிவாசல்களில் உளூச் செய்து வழியும் நீரை என்னென்பது? மீண்டும் உளூவுக்கு ஆகாதெனினும் 'முஸ்தஃமல்' எனப்படும் அந்நீர் தன்னளவில் தூயதென்றே ஷாஃபிஈ மத்ஹபு கூறுகின்றது. கழிப்பறைக் குழாயோடு இணைக்காமல் தனியே கொண்டுசென்றால் மரங்கள் தழைக்கும். தூய நீரை நாமே சாக்கடையில் கலந்து, பிறகு பெரும்பொருள் செலவிட்டுப் பிரித்தெடுப்பது வீண்விரயமன்றி வேறென்ன?